வாசற்படி தாண்டாத சண்டை

"எறாக் குழம்பு ஆறிப்போவுது, சாப்பிடச் சொல்லுடி உங்கப்பாவ."

சமையலறையிலிருந்து பவானி சொன்னாள். ஐந்தடி தள்ளி ஹாலில் இருந்த பூவராகன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பசிக்கலன்னு சொல்லும்மா உங்கம்மாகிட்ட."

நடுவில் தமிழினி, தட்டும் கையுமாக. சிதம்பரத்தில் இன்ஜினியரிங் கடைசி வருடம், ஹாஸ்டல் வாசம். மூன்று வாரமாக, சனி ஞாயிறு லீவுக்குக் கடலூர் வந்தால் இந்தத் தூது வேலைதான்.

"என்னதான் சண்ட? அதயாவது சொல்லித் தொலைங்களேன்."

"அவரையே கேளு."

"அவளையே கேளு."

தமிழினிக்கு அழுகையே வந்துவிட்டது. புனேயில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறாளா இல்லையா என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கிடக்கும் இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு எப்படிப் போவது?

"நான் புனேக்குப் போவல. வேணாம்னு எழுதிடுறேன்."

பூவராகனின் கண் டிவியிலிருந்து சமையலறைப் பக்கம் ஒருமுறை போய்வந்தது.

"மூணு வாரமா அவ இருக்கற பக்கம் நான் காலே வைக்கல," என்றார் பூவராகன்.

"நான் மட்டும் வச்சனா?"

"தெரியுதே," என்று போனை எடுத்தாள் தமிழினி. "போன வாரம் இந்த சமையக்கட்டு வாசல் நிலையில ஒரு பெட்டி ஒட்டுனேன்ல, அது என் புராஜெக்ட். குறுக்க ஆள் போனா எண்ணும். வெள்ளிக்கிழம சாயங்காலத்துலேருந்து முப்பத்தாறு தடவ. எல்லாம் நான்தான்."

"பாத்தியா, மிஷினே சொல்லுது என் ரோஷத்த," என்று மீசையைத் தடவினார் பூவராகன். "ஆமா, பல்லி விரட்டறதுன்னுல்ல சொன்ன?"

"சொன்னா நீங்க நடக்கறதே மாறிப்போயிடும். அதான் பொய் சொன்னேன். இருங்க, நான் இல்லாதப்ப வீடு எப்படி வெறிச்சோடிக் கெடந்துச்சின்னு பாப்போம்."

போன் திரையைத் தள்ளிக்கொண்டே போன விரல் நின்றது.

"திங்கக்கிழம நூத்திப் பத்து. செவ்வா நூத்தி இருவது..." நிமிர்ந்து பார்த்தாள். "போன ஞாயித்துக்கிழம நான் பஸ் ஏறுன பத்தாவது நிமிஷம் ஆரம்பிச்சிருக்கு. வெள்ளிக்கிழம 'வந்துட்டிருக்கேன்'னு போன் பண்ணதும் நின்னுடுச்சி."

பூவராகன் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

பவானி கரண்டியும் கையுமாக ஹாலுக்கு வந்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நாங்க பேசாம இருந்தாத்தான் நீ எங்களவிட்டு அவ்ளோ தூரம் போவமாட்டன்னு உங்கப்பாதான்டி சொன்னாரு."