கம்பி இல்லாத நெஞ்சு

“அப்ப இவிய நெஞ்சைப் பொளந்து என்னத்தச் செஞ்சானுவ? சும்மா தெறந்து பாத்துட்டுத் தச்சு விட்டுட்டானுவளா?”

ஏஞ்சலின் மேசையில் அடித்த அடியில் டாக்டர் சிவப்பிரகாஷின் பேனா உருண்டு கீழே விழுந்தது. அவள் பள்ளிக்கூட டீச்சர். கோபம் வந்துவிட்டால் அவளுக்கு டாக்டரும் ஒன்றுதான், ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சும் ஒன்றுதான்.

“உட்காருங்க மேடம். நான் இன்னும் முழுசாச் சொல்லல. பைபாஸ்ல கால்ல இருந்து நரம்பு எடுத்து இதயத்துல வெச்சுத் தைப்பாங்க. அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கத்தான் இந்த ஸ்கேன். ஆனா படத்துல அந்த நரம்பே இல்ல. பிளந்த நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டுற கம்பியும் இல்ல. அதை விட முக்கியமா…”

“இல்லன்னா? கரைஞ்சு போச்சா? கம்பி என்ன கல்கண்டா?”

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் மனுவேல் குனிந்தே உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். ஆபரேஷனுக்குப் பிறகு அவனை கேட்டில் உட்கார வைத்து லாரி நம்பர் எழுதச் சொல்லிவிட்டார்கள். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி கிரேன், இல்லாவிட்டால் காலத்துக்கும் கேட் வேலைதான் என்று காண்ட்ராக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

“விடு ஏளா. வீட்டுக்குப் போவோம்,” என்றான் மெதுவாக.

“எதை விட? ஒங்களுக்கு ஆபரேஷன் நடந்தப்ப மதுரையில ஆஸ்பத்திரி வராண்டாவுல பாய விரிச்சுக் கெடந்தவ நான். ஒங்களுக்குச் சூடு சொரணை இருக்கா இல்லியா? நீங்கல்லா கேக்கணும்!”

உண்மையில் அவளுக்கு ஸ்கேன் எடுத்த நாளிலிருந்தே எரிச்சல்தான். பள்ளியில் லீவு கிடைக்கவில்லை என்று கொழுந்தன் தஸ்நேவிஸைத் துணைக்கு அனுப்பினாள். அண்ணன் ஜாடையை அப்படியே உரித்து வைத்தவன் அவன். திரேஸ்புரம் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறான். அண்ணனும் தம்பியும் போன வேலையை முடித்துவிட்டு நேரே புரோட்டாக் கடைக்குள் நுழைந்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு வந்தார்கள்.

தஸ்நேவிஸின் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. சங்கு கீறிவிட்டது என்றான். பைபாஸ் ஆனவனுக்குப் புரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்திருக்கிறானே என்ற ஆத்திரத்தில் அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு அவனையும் இழுத்து வந்து நாலு கேள்வி கேட்டிருப்பாள். அவன்தான் விடியுமுன்பே படகேறிவிட்டானே.

“படம் மாறியிருக்கணும்,” என்றார் டாக்டர். இப்போது அவருக்கும் சூடு ஏறிவிட்டது. போனை எடுத்து யாரையோ சத்தம் போட்டார். ஸ்கேன் சென்டர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. படம் எடுத்த ஸ்டெபி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

“படம்லாம் மாறல சார். ஆதாரைப் பாத்துட்டுத்தான் படுக்க வெச்சுக் கையில மருந்து ஊசி போட்டேன்.” மனுவேலைக் கைகாட்டினாள். “இந்தா இருக்காவள்லா, இந்த அண்ணன்தான்.”

“வாயில வந்தத உளறாத! எவன் படத்தையோ எங்க தலையில கட்டிட்டு, மாறலன்னு வேற சாதிக்கியா? இவிய பொழப்பே அதுல தொங்கிட்டுக் கெடக்கு, தெரியுமா ஒனக்கு?”

ஏஞ்சலின் கணவன் பக்கம் பாய்ந்தாள். அவன் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் விடவில்லை. இழுத்த இழுப்பில் பொத்தான் ஒன்று தெறித்து மேசைக்கடியில் ஓடியது. கழுத்துக்குக் கீழிருந்து மேல்வயிறு வரைக்கும் நெட்டுக்குத்தாகத் தழும்பு தெரிந்தது.

“பாரு. நல்லாக் கண்ணைத் தொறந்து பாரு. இது என்ன, பூனை பொறாண்டினதா?”

ஸ்டெபி பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

“மேடம்… நான் நெஞ்சுல வயர் ஒட்டும்போது இது இல்லியே.”

ஏஞ்சலினின் கை சட்டையிலேயே நின்றது. டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“மனுவேல், என்னய்யா விளையாடுறீங்களா? படுத்தது யாரு? நரம்பு இல்ல, கம்பி இல்லன்னு மட்டும்தான் இதுவரைக்கும் சொன்னேன். மீதியைச் சொல்ல உங்க வீட்டம்மா விடல. இந்தப் படத்துல இருக்கிற ஆளுக்கு இதயத்தோட மூணு ரத்தக்குழாயும் அடைஞ்சு கிடக்கு. அவர் மாடிப்படி ஏறக்கூடாது. மூச்சைப் பிடிச்சு எந்த வேலையும் செய்யக்கூடாது. எந்த நிமிஷமும் இதயம் நின்னுடலாம்.”

மனுவேல் திறந்து கிடந்த சட்டையைக்கூட மூடாமல் செல்போனை எடுத்து அழுத்தினான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் ஓய்ந்தது.

“யாருக்குப் போடுதிய? வாயத் தொறந்து சொல்லித் தொலைங்க!” ஏஞ்சலின் கத்தினாள்.

“தம்பி இன்னேரம் தண்ணிக்குள்ள எறங்கிருப்பான் ஏளா.”