ஈரத்தலை

மூன்று மணி மாரமங்கலம் பஸ்ஸிலிருந்து பாவாயி ஈரத்தலையோடு இறங்கினாள்.

எதிரே கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அவள் புருஷன் மாதப்பன் நிமிர்ந்து பார்த்தான். பாதி டீ கிளாஸில் விழுந்தது, மீதி அவன் கட்டைவிரலில் விழுந்தது. சுட்டதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை. ஏற்காடு குளுகுளுவென்று இருக்கும் என்று நம்பி மலையேறி வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் செய்தித்தாளால் விசிறிக்கொண்டு நின்றார்கள். ஏரி சுருங்கி, படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தது, வந்தாலும் வீட்டுக்கு இரண்டே குடம். கடைவீதியில் யாரும் தலைக்கு ஊற்றிப் பத்து நாளாகிறது. மாதப்பன் டீ கிளாஸ் கழுவுகிற தண்ணீரிலேயே முகத்தையும் கழுவிக்கொண்டிருந்தான். எதை முதலில் கழுவினான் என்று கேட்காமல் இருப்பது நல்லது.

இப்படிக் காய்ந்து கிடக்கிற ஊரில் அவன் பெண்டாட்டி மட்டும் கூந்தலில் நீர் சொட்டச் சொட்ட நிற்கிறாள்.

காலையில் எஸ்டேட் களத்துக்குக் காப்பிக்கொட்டை பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள். ஒரு மாதமாக வாரத்தில் இரண்டு நாள் இதே பேச்சுதான். எஸ்டேட் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே போய் வர மாரமங்கலம் பஸ் எதற்கு?

முந்தாநாள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மரியஅந்தோணி டீ குடிக்க வந்தார். காப்பிக்களத்தைப் பூட்டி ஒரு மாதமாகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாதப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

கடையில் பன் குறைந்ததும், பாலில் ஒரு கிளாஸ் குறைந்ததும் அப்புறம்தான் கணக்குக்கு வந்தன. அதுவரை பூனையைத் திட்டிக்கொண்டிருந்தான்.

கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பான். கேட்டு, அவளும் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? பதினான்கு வருஷம் கூட இருந்தவள். அவள் போய்விட்டால் தனக்கு ஒருவரும் இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொள்வான்.

அவள் பின்னாலேயே ஒருவன் இறங்கினான்.

இருபத்தைந்து வயது இருக்கும். ஈரத்துண்டைத் தலையில் இறுக்கிச் சுற்றியிருந்தான். கழுத்து வழியாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குள் கையை விட்டு, வாயில் துணி கட்டிய ஒரு குடத்தை அலுங்காமல் எடுத்துப் பாவாயியின் இடுப்பில் வைத்தான். வைத்த பாங்கைப் பார்த்தால் இன்று நேற்றுப் பழக்கமாகத் தெரியவில்லை.

இரண்டு ஈரத்தலை. ஒரே பஸ்.

மாதப்பனின் மனசு அந்த நிமிஷமே மாரமங்கலம் பக்கத்தில் ஒரு ஓடையை வெட்டி, அதில் தண்ணீரையும் விட்டு, இரண்டு பேரையும் இறக்கிவிட்டது.

கடை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சும்மா இருந்தாரா? "ஏனுங்க மாதப்பண்ணா, ஊருக்கே குடிக்கத் தண்ணியக் காணோம், உங்கூட்டுல மட்டும் தலைக்குக் குளியலுங்களா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மாதப்பனும் சிரித்து வைத்தான். அதற்கு அவன் அழுதிருக்கலாம்.

அந்த ஆள் ரோட்டுக்கு அந்தப் பக்கமே மரத்தடியில் நின்றுகொண்டான். பாவாயி மட்டும் வந்தாள். வந்தவள் கடைக்குள் கால் வைக்கவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். நெற்றியில் பொட்டு இல்லை, கண் சிவந்திருந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். தப்புச் செய்தவர்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்று மாதப்பன் முடிவு கட்டிவிட்டான்.

"யாரவன்?" என்றான்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள். அத்தனை கோபத்திலும் அவன் கண் குடத்துக்குப் போனது. டீக்கடைக்காரன் புத்தி, என்ன செய்ய? "கொடத்த உள்ள வெச்சிட்டுச் சொல்லு. பாய்லர் காயுது" என்றான்.

"இது டீக்கு இல்லீங்க" என்றாள் பாவாயி. "நீங்க தலைக்கு ஊத்திக்கறதுக்குங்க."

எதிர்ப்பக்கம் நின்றவன் தலைத்துண்டை அவிழ்த்தான்.

மொட்டை. அன்றைக்குத்தான் மழித்த மொட்டை. துண்டு போனதும் முகம் முழுதாகத் தெரிந்தது. அந்த மூக்கை மாதப்பன் தினமும் கண்ணாடியில் பார்க்கிறான். அந்த மூக்கு அவர்கள் குடும்பத்தில் அதுவரை இரண்டே பேருக்குத்தான் வாய்த்திருந்தது, அவனுக்கும் அவன் அண்ணனுக்கும். இப்போது அண்ணன் மகனுக்கும்.

அப்பன் விட்டுப்போன ஒரு பலாமரத்துக்காகப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள். அண்ணன் பெண்டு பிள்ளையோடு குடகுக்குப் பிழைக்கப் போனார். இனி அந்த ஆள் பேரை என் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது, செத்தாலும் எனக்குச் சொல்லக் கூடாது என்று பாவாயியிடம் மாதப்பன் சத்தியம் வாங்கியிருந்தான். அவர் படுத்த படுக்கையாக மாரமங்கலத்துக்கு வந்து சேர்ந்ததோ, ஒரு மாதமாக அந்தப் பன்னும் பாலும் யார் வாய்க்குப் போயின என்பதோ அவனுக்குத் தெரியாது.

பாவாயி இப்போதும் சத்தியத்தை மீறவில்லை. பேரைச் சொல்லவில்லை. குடத்தை அவன் காலடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

மாதப்பன் அடுப்பை அணைத்தான். சட்டையைக் கழற்றினான். குடத்தின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான்.

"அண்ணா" என்றான்.