நாலாவது நல்ல சேதி

"அண்ணி, தள்ளி நில்லுங்க! தகரம் தலையில விழுந்தா அந்தப் பழியும் எனக்குத்தான்!"

கூரை மேலிருந்து எஷிம்பெக் கத்தினான். கடப்பாரையால் அவன் நெம்பிய தகரம் தடாலென்று முற்றத்தில் விழுந்தது. துர்சுனாய் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

எல்லைக் கேட் திறக்கப் போகிறது, சீனப் பக்கத்துக்கும் கிர்கிஸ் பக்கத்துக்கும் லாரி லாரியாகச் சரக்கு போகும் என்று நம்பி, கோக்பெல் கணவாய்க்குக் கீழே கிர்கிஸ் பக்கத்தில் அவளும் கணவனும் கட்டிய சாப்பாட்டுக்கடை அது. மூன்று வருடம் ஆயிற்று. கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். கேட் திறந்தபாடில்லை. மரமும் தகரமும் கொழுந்தன் கொடுத்தவை. பனி விழுவதற்குள் அவனுடைய ஆட்டுக்கொட்டகைக்கு அவை வேண்டும்.

"இன்னைக்கு ஒருநாள் பொறுக்கக் கூடாதா எஷிம்?"

"மூணு வருஷமா பொறுத்தாச்சு அண்ணி. இனிமே யார் வரப்போறான்னு பாக்கறீங்க?"

அந்த நேரம் பார்த்து மேல் வளைவிலிருந்து ஒருவன் ஓட்டமும் நடையுமாக வந்தான். தலையில் எல்லோரையும் போல வெள்ளைக் கம்பளித் தொப்பி. கையில் காலி வாளி.

"சுயுஞ்சு, அக்கா! சுயுஞ்சு!"

நல்ல சேதி கொண்டுவருகிறவன் அப்படித்தான் கூவிக்கொண்டு வருவான். அதற்கு என்ன பரிசு, என்ன சுயுஞ்சு என்று தெரியாமல் சேதியை முழுசாக அவிழ்க்க மாட்டான்.

எஷிம்பெக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வந்துட்டான்யா நாலாவது ஆளு! ஒப்பந்தம் கையெழுத்தாயிடுச்சுன்னு ஒருத்தன் வந்தான், ஆட்டுக்கிடாயை ஓட்டிக்கிட்டுப் போனான். சோதனைச் சாவடிக்குக் காங்கிரீட் போட்டாச்சுன்னு ஒருத்தன், எங்கண்ணன் சேணம் போச்சு. தேதி குறிச்சாச்சுன்னு இன்னொருத்தன், கம்பளிக் கோட்டும் போச்சு. உனக்கு என்னப்பா வேணும்? அடுப்புச் சாம்பல்தான் மிச்சம், அள்ளிக்கிறியா?"

"கேட்டைத் திறந்தாச்சுண்ணே."

"மந்திரி வராம, ரிப்பன் வெட்டாமயா?"

"ரிப்பனும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூட்டைத் திறந்தாங்க, அவ்வளவுதான். காலையிலேயே திறந்தாச்சு. இப்ப மணி நாலாகப் போகுது."

"சூரியன் இப்பத்தான் உச்சியை விட்டு இறங்குது. நாலாம்ல, நாலு! உன் கடிகாரமும் உன்னை மாதிரியே புளுகுது."

வந்தவன் கோபப்படவில்லை. "வளைவுல வண்டி சூடாகி நிக்குது, தண்ணிக்குத்தான் வந்தேன். சேதியும் கையில இருந்துச்சு. என்னக்கா, சுயுஞ்சு உண்டா? இல்லேன்னா மிச்சத்தைச் சொல்ல மாட்டேன்."

துர்சுனாய் உள்ளே திரும்பிப் பார்த்தாள். மூலையில் பித்தளை சமோவார் பளபளத்தது. ஒரே கொதியில் நாற்பது பேருக்கு டீ ஊற்றலாம் என்று கணவன் தேடிப்பிடித்து வாங்கியது. அதுவும் போனால் இந்த இடத்தைக் கடை என்று சொல்லவே முடியாது. இருந்தும் போனாள். இரண்டு கைகளாலும் தூக்கி வந்தாள்.

"அண்ணி! உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"நல்ல சேதின்னு வாசல்ல வந்து நிக்கறவனுக்கு வெறுங்கையைக் காட்ட எனக்கு வராதுப்பா. பொய்யாப் போனா அது அவன் பாடு. இந்தா தம்பி, பிடி."

அவன் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். அப்புறம் நேரே கடைக்குள் நடந்து, அதே மூலையில், அதே இடத்தில் பத்திரமாக இறக்கி வைத்தான்.

"இப்ப இது என்னுதுதானே அக்கா?"

"உன்னுதுதான்."

"அப்ப இங்கயே இருக்கட்டும். வாராவாரம் வந்து இதுலயே டீ குடிச்சுக்கறேன்."

"வாராவாரமா?" துர்சுனாய் கேட்டாள். "தம்பி, விளையாடாதே. கேட் திறந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா, அதுக்குள்ள பூந்துதான் வந்தேன், என் வீடு அந்தாண்ட சீனப் பக்கம், அங்கயும் நம்ம சனம் இருக்கு, என் கடிகாரத்துல ஓடறது சீன நேரம், இங்கத்ததுக்கு ரெண்டு மணி முன்னால," என்று சிரித்தான் அவன். "முதல் வண்டி என்னுது, பின்னாலயே முப்பத்தாறு வண்டி வருது, அத்தனை பேருக்கும் கொலைப்பசி. அண்ணனை அந்தத் தகரத்தைச் சீக்கிரம் திருப்பி அடிக்கச் சொல்லுங்க!"