பார்க்காமல் வாங்கியவர்

செஞ்சி பத்திரப் பதிவு ஆபீசில் நிலத்துக்காரர் பிலவேந்திரன் சிடுசிடுத்தார்.

"தரகுக்குப் புதுசுன்றது சரியாத்தான் இருக்குது கோவிந்தசாமி. அட்வான்ஸ் குடுத்து, நீ கை காட்டுற ஆளுக்குக் கிரயம் எழுதித் தரணும்னு பேசினே. அந்த ஆளு ஒருவாட்டிகூட சிங்கவரத்து நெலத்தப் பாக்க வரலியே?"

"பாக்கத் தேவையில்லன்னுட்டாங்க சார்."

"உன்ன நம்பியா? சரி, நடுவுல உனக்கு இன்னா லாபம்?"

"ஒண்ணும் வைக்கல சார்."

"மொத யாவாரமே இப்படியா? நீ உருப்பட்ட மாதிரிதான்! நான் திண்டிவனத்துக்குத் திரும்பணும். ஆளக் காட்டு."

கோவிந்தசாமி வாசல் பக்கம் கை காட்டினான். வெளுத்த நூல் சேலையில் ஒரு பெண்மணி உள்ளே வந்தாள்.

"எங்கம்மா மீனம்பாள். பட்டாளத்துலேர்ந்து அண்ணன் அனுப்புன காசு. பெத்தவங்ககிட்ட லாபம் வைக்க முடியுமா சார்?"

பிலவேந்திரனின் குரல் தணிந்தது. "இருந்தாலும் நெலத்தப் பாக்காம வாங்கலாமாம்மா?"

மீனம்பாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சிங்கவரத்துக்கு வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து அந்த நெலத்துலதான் நாத்து நடறேன். நீங்கதான் ஐயா அதப் பாக்காமலே வித்துட்டீங்க."