உள்ளபடி ஒரு படம்

யார் எதிரே உட்கார்ந்தாலும், அவர்களுடைய தொழிலையே கதாநாயகனுக்குக் கொடுத்து, அந்த நிமிஷமே புதுப்படம் பண்ணித் தரும் டிவி ஒன்று எத்திராஜ் வீட்டுக்கும் வந்திருந்தது. எத்திராஜ் லிஃப்ட் மெக்கானிக். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவனும் மனைவி கஸ்தூரியும் பார்த்த படம் எல்லாவற்றிலும் லிஃப்ட் மெக்கானிக்தான் ஹீரோ. அவன் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. ஒரே உதையில் கதவைத் திறந்து, உள்ளே மாட்டிக்கொண்ட பணக்காரப் பெண்ணைக் காப்பாற்றிவிடுவான். அடுத்த காட்சியில் இருவரும் பனிமலையில் ஆடுவார்கள்.

"டேய், ஸ்பானரையாவது கையில எடுடா!" என்று எத்திராஜ் கத்துவான்.

"உங்களுக்குப் பொறாமை" என்பாள் கஸ்தூரி. அவளுக்கு அந்த ஹீரோவை ரொம்பப் பிடிக்கும்.

ஒரு ஞாயிறு அவனுக்குப் பொறுக்கவில்லை. "வேலையை உள்ளபடி காட்டு" என்று டிவிக்கு உத்தரவு போட்டான்.

படம் ஆரம்பித்தது. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் இருட்டில் ஹீரோ நின்றுகொண்டிருந்தான். பக்கத்து இடுக்கில் பதினாலு மாடி ஆழம் தெரிந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எட்டி ஏதோ நட்டை முடுக்கினான். கால் வழுக்கியது. சமாளித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி முடுக்கினான்.

"அப்படிப் போடு!" என்று எத்திராஜ் தொடையைத் தட்டினான். பக்கத்திலிருந்து ஏதோ இழுத்தது. திரும்பினான். கஸ்தூரி அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"ஏங்க, தினமும் இப்படியா நிக்கிறீங்க?"

"சேச்சே!" என்றான் எத்திராஜ். "சினிமாக்காரங்களுக்கு நம்ம வேலையைப் பத்தி என்ன தெரியும்?"