ஏழு ஸ்க்ரூ

"மறுபடியும் கீபோர்டா?" என்று கேட்டபடியே பெக் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டார்.

"பாதி எழுத்து விழவே மாட்டேங்குது மாமா," என்றாள் ஹேரிம். "பஸ்ஸுல ஆட்டம் ஜாஸ்தி. அதுல ஏதாவது கழண்டிருக்கும்."

"இருக்கும், இருக்கும்."

யோங்சான் மின்னணுச் சந்தையின் இரண்டாவது மாடியில், படிக்கட்டை ஒட்டி இருந்தது அவர் கடை. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வெளியேதான். சுவர் முழுக்கப் பிஸ்கட் டப்பாக்கள். ஒன்றில் கீல்கள், ஒன்றில் பழைய ஃபேன்கள், ஒன்றில் பல் பிடுங்கியதுபோல் பிடுங்கி வைத்த எழுத்துப் பொத்தான்கள்.

சனிக்கிழமை மத்தியானம். கூட்டம் இல்லை.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அவளுக்கு மாமனார். அவர் மகன் ஜுன்யோலும் அவளும் பெரிய சண்டை எதுவும் இல்லாமல்தான் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு அவரை என்னவென்று கூப்பிடுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பழையபடியே கூப்பிட்டாள். அவரும் திருத்தவில்லை.

அறுவடைப் பெருநாளுக்கு அவள் அந்த வீட்டுக்குப் போக முடியாது. அவர் பிறந்தநாளுக்கும் முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை லேப்டாப் எதையாவது இழுத்து வைக்கும். அன்றைக்கு இருவரும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள்.

கல்யாணமான புதிதில் அவர் தன் கையால் செய்து கொடுத்தது அது. மூன்று செத்த லேப்டாப்புகளைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்திருந்தார். கனம் ஒரு தர்பூசணிக்குச் சற்றுக் குறைவு. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் மதியச் சாப்பாட்டுப் பட்டியல் பதினோரு வருஷமாக அதில்தான் தயாராகிறது.

எதிர்க்கடையில் ஹெட்போன் விற்கும் பியோன் அம்மாள் தலையை நீட்டினாள்.

"இன்னுமா அந்தப் பெட்டியைப் புதைக்கல? நம்ம ரெண்டு பேரையும் அனுப்பி வச்சிட்டுத்தான் போகும்போல."

"நீ முதல்ல போ. உனக்குப் பாட்டுப் போட ஏதாவது வேணும்ல, அதுக்கு இது இருக்கட்டும்," என்றார் பெக்.

பியோன் அம்மாள் கைக்குக் கிடைத்த காலி அட்டைப்பெட்டியை அவர்மேல் எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

பெக் தாழ்ப்பாளை நகர்த்தி பேட்டரியை வெளியே எடுத்தார். திருப்புளி சுழன்றது. ஒவ்வொரு ஸ்க்ரூவும் காந்தத் தட்டில் 'டிக்' என்று போய் ஒட்டிக்கொண்டது.

"புதுசு எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டிடறான்," என்றார். "திறக்கணும்னா சூடு காட்டணும், கெஞ்சணும், கடைசில உடைக்கணும். இதைப் பாரு. ஏழே ஏழு ஸ்க்ரூ. கழட்டிட்டா வயித்தைக் காட்டிட்டு நாய்க்குட்டி மாதிரி மல்லாந்து படுத்துக்கும்."

ஹேரிம் சிரித்தாள். பழைய சர்க்யூட் பலகையையும் செம்புக் குழாயையும் அவரோடு சேர்ந்து குனிந்து பார்த்தாள். குளிர்காலத்தில் மெமரி பலகை இடம் விட்டு நகர்ந்திருந்தது. அதற்கு முன்னால் இதே கீபோர்டு. எப்போதும் சின்னக் கோளாறுதான். எப்போதும் அவர் விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் சரியாகிவிடும்.

அவர் லேப்டாப்பைத் திருப்பி, கீபோர்டைத் தூக்கி, அடியில் இருந்த தட்டையான ரிப்பன் கேபிளை வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதன் இடத்தில் செருகினார்.

"ஜுன்யோலுக்கு அடுத்த மாசம் கல்யாணம்," என்றார், நிமிராமலே. "டீச்சர் பொண்ணு. நல்ல மாதிரியாத்தான் தெரியறா."

"சந்தோஷம் மாமா."

பொய் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வலித்தது வேறு இடத்தில். இனி இவரை மாமா என்று கூப்பிட உரிமையுள்ள ஒருத்தி வரப்போகிறாள். தான் உட்கார்ந்திருக்கும் இந்த முக்காலியில் அவள் வந்து உட்காருவாள். அப்போது பழையவள் ஒருத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தால் யாருக்கு நன்றாக இருக்கும்?

அவர் ஊற்றி வைத்திருந்த பார்லித் தண்ணீரில் ஹேரிம் ஒரு மிடறு குடித்தாள்.

"மாமா, இது இங்கேயே இருக்கட்டும். ஸ்க்ரீன் நல்லா இருக்கு, உதிரிக்காவது ஆகும். நான் புதுசு ஒண்ணு வாங்கிக்கறேன்."

அவர் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். வழக்கத்தைவிட மெதுவாகத்தான் பூட்டினார். பேட்டரியை உள்ளே தள்ளினார். இயக்கி, எல்லா எழுத்தையும் வரிசையாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

மூடியைச் சாத்தி, அவளைக் கேட்காமலே லேப்டாப்பை அவள் பைக்குள் வைத்தார்.

"புதுசு எதுக்கும்மா? அதுல உன்னால எதையும் கழட்ட முடியாதே."

ஹேரிம் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அந்த ரிப்பன் கேபிள் காகிதம் மாதிரி. ரெண்டு தடவை நகத்தால நெம்பி எடுத்திருக்க. இன்னொரு தடவை இழுத்தா கிழிஞ்சிரும்." அவர் திருப்புளியைச் சட்டையில் துடைத்தார். "அடுத்த தடவை ஃபேன் வயரைப் புடுங்கிட்டு வா. அது முரடு. எத்தனை தடவை புடுங்கினாலும் தாங்கும்."

அவள் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். காது நுனிவரை சூடு ஏறியது.

பெக் இன்னமும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்புறம், மூணு மாசமெல்லாம் ரொம்ப நாளும்மா."