அவன் கால் வைத்த விதம்

பட்டப்பகலில் ஜெபவீட்டுக்குள் இரவைக் கொண்டுவந்திருந்தார்கள். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. வெளியே தீவு முழுக்க அமெரிக்கக் கரோலினாவின் வெயில் கொளுத்த, உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது.

சினிமாக்காரர்கள் நினைத்தால் சூரியனையும் போகச் சொல்வார்கள் என்று ஹெஸ்டர் எண்ணிக்கொண்டாள்.

எழுபத்தெட்டு வயதிலும் அந்தச் சபையில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. எல்லாரும் வட்டமாகச் சுற்றிப் பாடும்போது அவள் பெஞ்சில் உட்கார்ந்து கால்களைப் பார்ப்பாள். முகங்களைப் பார்க்க மாட்டாள்.

கால் தரையைத் தேய்த்தே போக வேண்டும். ஒரு கால் இன்னொன்றைத் தாண்டிக் குறுக்கே விழுந்தால் அது நடனம். நடனம் பாவம் என்றது சபை. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கடல் கடத்திக் கொண்டுவரப்பட்ட முன்னோர்கள் வட்டத்தில் கூடவே நடப்பார்கள், கால் பின்னினால் போய்விடுவார்கள் என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஹெஸ்டர் இரண்டையும் நம்பினாள்.

கால் பின்னியவரின் தோளைத் தட்டுவாள். தட்டுப்பட்டவர் வெளியே போக வேண்டும். அவள் தட்டினால் தட்டியதுதான், அதற்கு மேல் பேச்சுக் கிடையாது.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவள் தட்டியது தன் மகன் நெகேமியாவின் தோளை.

சனிக்கிழமை சாராயக்கடையில் கிதார் வாசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்குள் வந்து நின்றவன் அவன். பிசாசின் பாட்டை வாசித்த கையோடு வந்துவிட்டானே என்று சபை முணுமுணுத்தது. முணுமுணுத்துவிட்டு அவளைத்தான் பார்த்தது. அவன் கால் பின்னிவிட்டது என்று அவள் எழுந்து தட்டினாள். அன்றிரவே தீவை விட்டுப் போனான்.

பெற்ற பிள்ளை என்றும் பாராமல் தட்டினாளே என்று தீவு இன்றைக்கும் அவளைக் கொண்டாடுகிறது. அந்தக் கதையைத்தான் அட்லாண்டாவிலிருந்து வந்த டைரக்டர் கீனன் படமாக எடுக்கிறான்.

நெகேமியாவும் வந்திருந்தான். படத்துக்குக் கிதார் வாசிப்பதே அவன்தான். தலை நரைத்துவிட்டது. மூன்று நாளாக வெளியே ஓக் மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், படியேறவில்லை.

முதல் நாள் ஹெஸ்டர் சிவப்புச் சோறும் பொரித்த மீனும் கொடுத்தனுப்பினாள். தட்டு கழுவித் திரும்பி வந்தது. அவன் வரவில்லை.

இன்றைய காட்சிக்கு அவன் உள்ளே வந்து வாசித்தாக வேண்டும். கீனன் கெஞ்சினான். போதகர் போய்ப் பழைய கதையை விடப்பா என்றார். நெகேமியா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான்.

சாவதற்குள் அவன் ஒரு தடவை இந்த வாசலுக்குள் வந்துவிட்டால் போதும். மூன்று நாளாக ஹெஸ்டர் வேறு எதையும் ஜெபிக்கவில்லை.

கடைசியில் கீனன் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தான்.

"அம்மா, வர்றேன்னுட்டாரு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. அவர் வேஷம் போடுற நடிகருக்குக் கால் சரியா வரலியாம். அன்னிக்கு அவர் காலை எப்படிப் பின்னினாருன்னு நீங்க ஒருக்கா நடந்து காட்டணுமாம். உங்களைவிட நல்லாப் பார்த்தவங்க யாருமில்லையாம்."



மூட்டு வலிக்கிறது என்று ஹெஸ்டர் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் தூக்கிக்கொண்டு சுற்றுகிறேன் என்று கீனன் சிரித்தான். காட்டுங்கள், காட்டுங்கள் என்று பெஞ்சிலிருந்த பெண்கள் அவளைக் கிளப்பினார்கள். அவர்களுக்கு அது பெருமையான கதை. சபையில் அவளுக்கு இருந்த மரியாதை முழுக்க அந்தக் கதையின்மேல் நின்றது.

கதவு திறந்திருந்தது. நெகேமியா மரத்தடியிலிருந்து எழுந்து வந்து, கிதாரோடு கீழ்ப்படிக்குக் கீழே நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

எழுந்தாள்.

சபை ஊழியரான டீக்கன் ஸ்மால்ஸ் வழக்கம்போல் துடைப்பக் கழியைத் தரையில் குத்தித் தாளம் போட ஆரம்பித்தார்.

ஹெஸ்டர் வலது காலை முன்னே வைத்தாள். இடது கால் தேய்த்துக்கொண்டே பின்னால் வந்து நின்றது. மறுபடி வலது. நடிகன் அவள் காலிலிருந்து கண்ணை எடுக்காமல் கூடவே வந்தான். இதோ பின்னப்போகிறாள் என்று எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு மூலை போயிற்று, அடுத்த மூலையும் போயிற்று. முழுச் சுற்றும் முடிந்து, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றாள். ஒரு தடவைகூடக் காலைக் கால் தாண்டவில்லை.

பின்னவே இல்லையே, மறந்துவிட்டீர்களா என்று கீனன் பதமாகக் கேட்டான்.

"மறக்கல தம்பி," என்றாள் ஹெஸ்டர். "இப்படித்தான் வெச்சான்."

 கழிச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

நெகேமியா படியேறி உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றான். ஆனால் அவன் பார்த்தது அவளை அல்ல, டீக்கன் ஸ்மால்ஸை. அவர் தலை குனிந்துகொண்டார்.

கழி அடிப்பவர் நடக்கிற கால்களைப் பார்த்துத்தான் தாளம் போட வேண்டும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாலும் கழி அவர் கையில்தான் இருந்தது.